ஊசி பிடிக்கப் போகும் பிள்ளைக்கு

கண்ணு, அக்குபங்சர் புள்ளிகளில் ஊசி குத்தினால் மூளையில் என்ன நடக்கிறது என்று ஆராயப் போகிறாயாம். மனசு நிறைந்தது. கைத்திறனை ஆசிரியர்கள் கற்றுத் தருவார்கள். மனசை எப்படி வைத்துக்கொள்வது என்று மட்டும் நான் சொல்கிறேன்.

1. எழுதியதைத் திரும்பப் பெறும் துணிவு வேண்டும். கால் சுண்டுவிரல் ஓரத்தில், கண்ணுக்குரியதாகச் சொல்லப்படும் ஒரு புள்ளி உண்டு. அதைத் தூண்டினால் மூளையின் பார்வைப் பகுதி எழும்புகிறது என்று 1998-ல் கொரிய விஞ்ஞானி சாங்-ஹீ சோவின் குழு எழுதியது. படித்தவர்கள் வியந்துபோனார்கள். 2006-ல் சோவும் கூட்டாளிகள் பலரும் அந்த முடிவை இனி ஏற்கவில்லை என்று அறிவித்துக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். முதல் கட்டுரையைவிட அந்த அறிவிப்பில்தான் நீ கற்க வேண்டியது அதிகம்.

2. படுத்திருப்பவரின் வாய்ச்சொல்லைக் கேள். அமெரிக்காவில் கேத்லீன் ஹுய் குழுவினர் முழங்காலுக்குக் கீழுள்ள ஸுசான்லி புள்ளியில் ஊசியைத் திருகி, மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். மதமதப்பும் கனமும் உணர்ந்தவர்களுக்கு அமிக்டலா போன்ற உணர்ச்சிப் பகுதிகள் அடங்கின. சுரீரென்று வலித்தவர்களுக்கு அவை எழும்பின. புள்ளி ஒன்றுதான், மூளைப் படம் வேறு. அதனால் "வலிக்குதா?" என்பதோடு நிறுத்தாதே. "எப்படி வலிக்குது?" என்று கேள். விண்விண்ணென்றா, மரத்தாற்போலா என்று அவர் சொல்வதை அப்படியே குறித்துக்கொள்.

3. எளிய காரணத்தை முதலில் தேடு. காலைக் கிள்ளினாலே மூளையில் காலுக்குரிய இடம் எழும்பும்; கையைக் கிள்ளினால் கைக்குரிய இடம். அதைப் புள்ளியின் மகிமை என்று சொல்லிவிடாதே. புள்ளிக்குப் பக்கத்திலும் குத்தி ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பேசு.

4. படத்தில் மயங்காதே. ஸ்கேன் காட்டுவது ரத்த ஆக்ஸிஜனின் மாற்றத்தைத்தான்; நரம்பின் பேச்சை அது நேராகக் கேட்பதில்லை. 2009-ல் கிரெய்க் பென்னெட் குழுவினர் செத்த சால்மன் மீனை ஸ்கேனில் வைத்தார்கள். அதன் மூளையும் வேலை செய்வதாகப் படம் வந்தது! கணக்கை முறையாகத் திருத்தியதும் அது மறைந்தது. கண்ணால் காண்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்.

5. போலி ஊசியையும் மதி. ஜெர்மனியில் முதுகுவலிக்காரர்கள் 1,162 பேரை வைத்து நடந்த ஆய்வு 2007-ல் வெளியானது. முறைப்படி ஊசி போட்டுக்கொண்டவர்களில் 47.6 சதவீதம் பேருக்குப் பலன். புள்ளியல்லாத இடத்தில் மேலாகப் போலி ஊசி குத்தப்பட்டவர்களில் 44.2, வழக்கமான சிகிச்சையில் 27.4. போலி ஊசியும் ஏறக்குறைய அதே பலன் தந்ததைத் தோல்வியென்று ஒதுக்காதே. தொடுகையும் நம்பிக்கையும் பரிவான கவனிப்பும்கூட மூளை வழியாகத்தான் வேலை செய்கின்றன. அவற்றையும் ஆராய்.

6. எந்தக் கட்சியிலும் சேராதே. எல்லாம் முன்னோர்க்குத் தெரியும் என்பவர்களும் வருவார்கள், எல்லாம் புரட்டு என்பவர்களும் வருவார்கள். இருவரிடமும் பணிவாக இரு; இருவருக்காகவும் முடிவை வளைக்காதே.

வலியோடு வருகிறவர் உன் சொல்லை நம்பித்தான் கையை நீட்டுகிறார். நிரூபணமானதை மட்டும் அவரிடம் உறுதியாகச் சொல். மற்றதை "இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று சொல். அந்த நாணயத்தை மட்டும் விட்டுவிடாதே, கண்ணு.