பங்குக் காசு வேறு, மீன் அட்வான்ஸ் வேறு

ராமேஸ்வரம், மண்டபம், தொண்டி, கீழக்கரை என்று எந்த ஊரிலும் ஒரு பையனோ பெண்ணோ கடல்பாசியையோ பனைவெல்லத்தையோ நம்பிப் புதுத் தொழில் தொடங்கி, வெளியூர் முதலீட்டாளர் ஒருவர் பணம் போட வருகிறார் என்று சொல்லிப் பாருங்கள். வீட்டுப் பெரியவர் தொடங்கி டீக்கடை வரை ஒரே பல்லவிதான்: “அவன் காசை வாங்கிட்டா காலம் பூரா அவனுக்குத்தான் மீன் போடணும்.” அதையும் மீறி வாங்கிவிட்டால் அடுத்த அறிவுரை தயாராக இருக்கும்: “வியாபாரம் படுத்தா அவன் காதுக்குப் போகாமப் பார்த்துக்க.” முதலாவது தப்பான கணக்கு. இரண்டாவது தொழிலையே கொல்லும் விஷம். முதலாவதை நம்புகிறவர்தான் இரண்டாவதைச் செய்கிறார் என்பதால் இரண்டையும் சேர்த்தே உடைக்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பயம் சும்மா வந்ததில்லை. இந்தக் கரையில் படகு, என்ஜின், வலை எதற்கும் வங்கி வாசலைவிட வியாபாரி வாசல்தான் பக்கம். அவர் கொடுக்கும் அட்வான்சுக்கு வட்டி என்று தனியாக எதுவும் எழுதுவதில்லை. ஆனால் பிடித்து வரும் இறாலும் நண்டும் அவர் தராசில்தான் ஏறும், விலையை அவர்தான் சொல்வார், கமிஷன் கழியும். வேறு ஆளுக்கு மீன் போட வேண்டுமானால் முழு அட்வான்சையும் திருப்பி வைத்துவிட்டுத்தான் போக முடியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் மீண்டும் கை நீட்ட, கடன் ஏறும். எல்லாவற்றையும்விடக் கொடுமை ஒன்று உண்டு. எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை விசைப்படகைப் பிடித்துக்கொண்டு போய், அங்குள்ள நீதிமன்றம் அதை நாட்டுடைமை ஆக்கினால், படகு போய்விடும். அட்வான்ஸ் அப்படியே நிற்கும். இந்த அனுபவத்தில் வளர்ந்த ஊர், பணம் கொடுக்க வருகிற எவரையும் வியாபாரியாகப் பார்ப்பதில் வியப்பில்லை.

ஆனால் பங்கு முதலீடு அந்த ஜாதியே இல்லை. பங்குக்குப் பணம் போட்டவருக்குத் தவணை கிடையாது. நிறுவனம் மூழ்கினால் அவர் காசும் கூடவே மூழ்கும். நிறுவனர் வீட்டுப் பத்திரத்தில் அவருக்கு உரிமை இல்லை. படகு போனால் தனக்கும் போச்சு என்று ஒப்புக்கொண்டு ஏறியவர் அவர். பாசி அழுகினால் அதைத் தெரிந்துகொள்வதில் அவருக்கு நிறுவனருக்குச் சமமான அக்கறை உண்டு. கடன்காரனுக்கு ஒளிவது போல அவருக்கு ஒளிந்தால், கூட நின்று உதவக்கூடிய ஒரே ஆளை நாமே கரையில் இறக்கிவிடுகிறோம். இந்தச் சின்ன வித்தியாசம் புரியாமல் எத்தனை பேர் மாதக் கணக்கை அனுப்பாமல் போனை அணைத்துவைக்கிறார்கள்!

“பெங்களூரில் நிறுவனர்களையே வெளியே தள்ளிவிடுகிறார்களே” என்ற கேள்வி நியாயமானது. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 169-ஆம் பிரிவுப்படி, பாதிக்கு மேல் வாக்கு கையில் இருந்தால் இயக்குநரை நீக்கலாம். நிறுவனம் விலைபோகும்போது முதலீட்டாளர் தன் பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் முன்னுரிமைப் பங்குகளும் உண்டு. இவை எல்லாம் கையெழுத்துப் போடும் நாளில் பேசித் தீர்க்க வேண்டியவை. கையெழுத்தில்லாமல் எதுவும் தானாக வந்து ஏறிக்கொள்வதில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: பங்கு என்று சொல்லிக்கொண்டு நிறுவனரிடம் சொந்த ஜாமீனும் குறித்த நாளில் திரும்ப வாங்கும் உறுதியும் கேட்கிறவர் முதலீட்டாளரே இல்லை. அவர் சட்டை மாற்றிய வியாபாரி. அந்த இடத்தில் ஊர்ப் பெரியவர்கள் சொல்வது சரி, எழுந்து வந்துவிடுங்கள்.

உறவு எதனால் முறிகிறது என்பதற்கு நாடறிந்த சாட்சி, இணையவழிக் கல்வி நிறுவனமான பைஜூஸ். அங்கே சண்டை, பணம் வாங்கியதால் மூண்டதில்லை. 2022 மார்ச்சில் முடிந்த ஆண்டின் கணக்கு மிகவும் தாமதமாகிறது என்று சொல்லித் தணிக்கையாளரான டெலாய்ட் 2023 ஜூனில் விலகியது. அதே நேரத்தில் முதலீட்டாளர்களான பீக் ஃபிஃப்டீன், புரோசஸ், சான் சக்கர்பெர்க் தரப்பு இயக்குநர்கள் மூவரும் வெளியேறினார்கள். 2024 பிப்ரவரியில் முதலீட்டாளர்கள் கூடி நிறுவனரை நீக்க வாக்களித்தார்கள். அந்த வாக்குக்கு முன்னால் வந்தது கணக்கு வராத காலம்தான். எதிர்ப்பக்கத்தில் சென்னையில் தொடங்கிய சாஃப்ட்வேர் நிறுவனம் ஃபிரெஷ்வொர்க்ஸ் நிற்கிறது. 2011-இல் முதலீட்டு நிறுவனமான அக்செல் முதல் பணம் போட்டது. 2021 செப்டம்பரில் நிறுவனம் நாஸ்டாக்கில் பட்டியலானபோதும் அக்செல் பங்குதாரராகவே இருந்தது. பத்து ஆண்டு கூட இருந்த ஆளை அட்வான்ஸ் கொடுத்தவரோடு ஒப்பிடுவது அறியாமை.

“அது சாஃப்ட்வேர், கடலை நம்பிய தொழில் வேறு” என்பார்கள். சரி, கடலுக்கே வருவோம். 2000-க்குப் பின் பெப்சி நிறுவனம் ஒப்பந்த முறையில் வளர்க்கவைத்ததால், கப்பாபைகஸ் பாசிக்கு இங்கே இன்றும் “பெப்சி பாசி” என்றுதான் பெயர். மூங்கில் மிதவையில் கட்டிவிட்டால் 45 நாளில் அறுவடை. 2008-இல் அந்தத் தொழில் அக்வாக்ரி நிறுவனத்தின் கைக்குப் போனது. 2012-13-இல் ஏறக்குறைய 1,500 டன் காய்ந்த பாசியை எட்டிய உற்பத்தி, 2013-இல் பாசி பெருமளவில் அழுகியதும் சரிந்தது. மிதவை கட்டிய பெண்களின் சுயஉதவிக் குழுக்களுக்கு இருந்தது வாங்குபவரும் வங்கிக் கடனும். விளைந்ததை வாங்குகிற ஒப்பந்தம், விளையாததைத் தாங்காது. விளையாத ஆண்டையும் பங்குபோட்டுக்கொள்ள ஆள் வேண்டுமென்றால் அதற்குப் பெயர்தான் பங்கு முதலீடு. சென்னை ஐ.ஐ.டி.யில் 2010-இல் முளைத்த சீ6 எனர்ஜி, கடல்பாசியிலிருந்து எரிபொருள் என்று கிளம்பி 2012-இல் நொதி நிறுவனமான நோவோசைம்ஸோடு உடன்படிக்கையும் போட்டது. பின்னால் அது விற்கத் தொடங்கியது பயிர் ஊக்கிகளை. திசை மாறியும் டாடா கேப்பிட்டல், அக்வா-ஸ்பார்க், பி.ஏ.எஸ்.எஃப். போன்றோரின் பணம் அதற்குக் கிடைத்திருக்கிறது. முதலில் சொன்னது நடக்கவில்லை என்பதற்காக ஓடுகிற கூட்டமாக இருந்தால் இது நடந்திருக்குமா? ஏன் நடக்கவில்லை என்று தெரியாமல்போகும்போதுதான் முதலீட்டாளர் மிரளுகிறார்.

ஆகவே செய்ய வேண்டியது எளிது. மாதம் ஒரு பக்கம்: கையிருப்புப் பணம் எவ்வளவு, அது எத்தனை மாதம் தாங்கும், விற்பனை எவ்வளவு, எது கெட்டுப்போனது, என்ன உதவி வேண்டும். கெட்ட செய்தி முதல் வரியில் இருக்கட்டும். கடல் சூடேறி மிதவையில் பாசி வெளுக்கத் தொடங்கிய வாரத்திலேயே எழுதினால் அது தகவல். பணம் தீர்ந்தபின் எழுதினால் அது வாக்குமூலம்.

மற்றக் கட்டுக்கதைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. அதிக மதிப்பீடு போடுகிறவரே நல்ல முதலீட்டாளராம். ஊதிப் பெருக்கிய மதிப்பீடு அடுத்த சுற்றில் இறங்கினால் முதலில் உரசல் அவரோடுதான் வரும். மச்சான் காசுக்கு எழுத்து வேண்டாமாம். எழுத்தில்லாத காசு அடுத்த கல்யாண வீட்டில் பஞ்சாயத்தாகும். சென்னையில் அலுவலகம் போட்டால்தான் முதலீடு கிடைக்குமாம். தமிழ்நாடு ஸ்டார்ட்அப் இயக்கத்தின் டான்சீட் ஆரம்ப நிதித் திட்டமோ, 2022-இல் 30 கோடி ரூபாயோடு வந்த பட்டியலினத்தார், பழங்குடியினருக்கான நிதியோ சென்னை முகவரியைக் கேட்பதில்லை. தினமும் வாட்ஸ்அப்பில் வணக்கம் போடுவது உறவாம். அதற்குப் பதில் சொல்லவே தேவையில்லை.

கடைசியாக ஒன்று, இதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. பங்குதாரர் ஒப்பந்தங்களைத் தமிழில் எழுதுங்கள். ஐம்பது பக்க ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, இரண்டு வருடம் கழித்து “இப்படி ஒரு ஷரத்து இருந்ததா?” என்று கேட்கிற நிறுவனர்களால்தான் டீக்கடைப் பல்லவி சாகாமல் இருக்கிறது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் எந்த மொழியையும் விதிக்கவில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் அன்றாடம் கோடிக்கணக்கான ரூபாய்ச் சொத்து தமிழ்ப் பத்திரத்தில்தான் கைமாறுகிறது. மும்பை வக்கீலுக்குத் தமிழ் தெரியாதென்றால் இரு மொழியிலும் எழுதி, முரண்பட்டால் எது செல்லும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அதற்குக்கூட முகம் சுளிக்கிற முதலீட்டாளர் பத்து ஆண்டு கூட நிற்க மாட்டார். கேட்கவே கூச்சப்படுகிற நிறுவனர், இன்னும் அவரை அட்வான்ஸ் கொடுத்த வியாபாரியாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.