பழைய மோர்ஸ் கீ கைக்கு வந்தால்

இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க ராணுவத் தந்திக் கருவியான ஜே-38 மாதிரி ஒன்று கிடைத்தால், உடனே புளியைக் கரைக்காதீர்கள். பித்தளையில் ஏறிய பழுப்புதான் அதன் அழகு. துணியால் தூசி துடைத்தாலே பாதி வேலை முடிந்தது. பேக்கலைட் அடிப்பலகையை மட்டும் தண்ணீரில் ஊறவைக்க வேண்டாம்.

கழற்றும் முன் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இறுகிய திருகுக்கு ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு இரவு முழுக்க விடுங்கள். காடிக்குச் சரியாகப் பொருந்தாத ஸ்க்ரூடிரைவர் தலையைச் சிதைத்துவிடும்.

கவனம் தேவைப்படும் இடம் தொடுமுனைகள். அங்கே உப்புத்தாள் கூடவே கூடாது; தேய்ந்தால் மீட்க முடியாது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத்தாள் துண்டை முனைகளுக்கு நடுவே வைத்து, குமிழை லேசாக அழுத்தியபடி உருவுங்கள். தாளில் கறுப்புக் கோடு விழும். கோடு விழுவது நிற்கும்வரை புதுத் துண்டால் தொடருங்கள்.

பிறகு அச்சுத் திருகுகள்: பக்கவாட்டு ஆட்டம் நிற்கும்வரை இறுக்கி, நெம்புகோல் தடையின்றி அசையும் அளவுக்குத் துளி தளர்த்துங்கள். முனைகளின் இடைவெளி ஒரு தாள் கனம் இருந்தால் தொடங்கப் போதும். மீதி உங்கள் மணிக்கட்டின் விருப்பம்.

மல்டிமீட்டரை பீப் ஒலியில் வைத்துச் சோதிக்கும்போது பக்கத்துக் குறுக்குத் தகட்டைத் திறந்து வையுங்கள். மூடியிருந்தால் அழுத்தாமலே அலறும்.