கணக்கு தெரியும், கேள்வி புரியுமா?



நாம எல்லாரும் தமிழ் வழியில் கணக்குப் படிக்கிறோம். பத்தாம் வகுப்பு முடிச்சு பாலிடெக்னிக் போனால் அதே கணக்கு இங்கிலீஷில் வரும். எங்க தெருவுல பாலிடெக்னிக் படிக்கிற அக்கா ஒருத்தங்க, "எல்லாம் நமக்குத் தெரிஞ்ச கணக்குதான்டி. கேள்வியைப் புரிஞ்சுக்கிறதுக்குள்ள சார் அடுத்த கணக்குக்குப் போயிடுறார்" என்று சொன்னாங்க. நல்லா கணக்குப் போடுற அக்கா அவங்க. அவங்களுக்கே இப்படின்னா நாம இப்பவே தயாராக வேண்டாமா?

முதலில் நான்கு செயல்கள்:

கூட்டல் – அடிஷன். கூட்டி வரும் விடை – சம்.
கழித்தல் – சப்ட்ராக்ஷன். வித்தியாசம் – டிஃபரன்ஸ்.
பெருக்கல் – மல்டிப்ளிகேஷன். பெருக்கற்பலன் – ப்ராடக்ட்.
வகுத்தல் – டிவிஷன். ஈவு – கோஷன்ட். மீதி – ரிமைண்டர்.

கடையில் விற்கிற பொருளும் ப்ராடக்ட்தான். டி.வி. சத்தமும் வால்யூம், கன அளவும் வால்யூம். மேசையும் டேபிள், வாய்ப்பாடும் டேபிள். கணக்குப் புத்தகத்தில் வந்தால் கணக்கு அர்த்தத்தைத்தான் எடுக்கணும்.

இன்னொன்று. 'கூட்டு' என்பதற்கும் ஆட், ஒற்றைப்படை எண்ணுக்கும் ஆட். தமிழில் எழுதினால் ஒரே மாதிரி இருக்கும். இங்கிலீஷில் இரண்டிலும் கடைசியில் இரண்டு 'டி' உண்டு. முதல் எழுத்து 'ஏ' என்றால் கூட்டு, 'ஓ' என்றால் ஒற்றைப்படை. இரட்டைப்படைக்கு ஈவன்.

சின்னச் சொல், பெரிய வித்தியாசம்

நாம "12-லிருந்து 5-ஐக் கழி" என்போம். 12 முதலில் வரும். இங்கிலீஷில் "சப்ட்ராக்ட் 5 ஃப்ரம் 12". 5 முதலில் வரும். பார்த்த வரிசையிலேயே 5 – 12 என்று போட்டால் விடை –7 ஆகிவிடும். சரியான விடை 7. 'ஃப்ரம்' பின்னாடி இருக்கிற எண்ணை முதலில் எழுதணும்.

"5 லெஸ் தேன் 12" என்றாலும் 12 – 5தான். ஆனால் நடுவில் 'இஸ்' சேர்ந்து "5 இஸ் லெஸ் தேன் 12" என்று வந்தால் கழிக்கவே கூடாது. 5 < 12 என்று எழுதினால் போதும்.

நம்ம ஊரில் "5 இன்டு 4" என்றால் பெருக்கல், விடை 20. ஆனால் "டிவைட் 20 இன்டு 4 ஈக்வல் பார்ட்ஸ்" என்றால் 20-ஐ 4 சம பாகமாகப் பிரி, ஒரு பாகம் 5. அதனால 'இன்டு'வைப் பார்த்ததும் பெருக்கிவிடாதீர்கள். முன்னாடி 'டிவைட்' இருக்கான்னு பாருங்கள். பெருக்கலுக்கு 'டைம்ஸ்' என்றும் வரும். "5 டைம்ஸ் 4" என்றால் 20.

பின்னமும் தசமமும்

3/4-ஐ நாம 'நான்கில் மூன்று' என்று கீழிருந்து சொல்வோம். இங்கிலீஷில் மேலிருந்து 'த்ரீ ஃபோர்த்ஸ்' என்பார்கள். மேலே உள்ள தொகுதி நியூமரேட்டர், கீழே உள்ள பகுதி டினாமினேட்டர். அரை – ஹாஃப், கால் – குவார்ட்டர், முக்கால் – த்ரீ குவார்ட்டர்ஸ். 1/8-க்கு இங்கிலீஷில் 'ஒன் எய்த்'. நமக்கு 'அரைக்கால்' என்று தனிப்பெயரே உண்டு!

3.14-ஐ 'த்ரீ பாயிண்ட் ஒன் ஃபோர்' என்று வாசிக்கணும். 'பாயிண்ட் ஃபோர்ட்டீன்' என்று வாசித்தால், 14 பெரிசு, 5 சிறிசு என்று நினைத்து 3.14 தான் 3.5-ஐ விடப் பெரிசு என்று தோணும். உண்மையில் 3.5 தான் பெரிசு.

பெரிய எண்கள்: 10 லட்சம் = 1 மில்லியன். 1 கோடி = 10 மில்லியன்.

சொல்லை மட்டும் மனப்பாடம் செய்தால் பத்தாது. கூடவே வரும் ஃப்ரம், பை, தேன், இன்டு எல்லாவற்றையும் சேர்த்துப் படியுங்கள்.

செய்து பாருங்கள்

1. சப்ட்ராக்ட் 8 ஃப்ரம் 20.
2. ஃபைண்ட் தி ப்ராடக்ட் ஆஃப் 6 அண்ட் 7.
3. வாட் இஸ் 3 லெஸ் தேன் 10?
4. டிவைட் 50 இன் ஹாஃப்.
5. டிவைட் 50 பை ஹாஃப்.

விடைகள்: 1) 12   2) 42   3) 7   4) 25   5) 100

நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் ஒரே விடை போட்டவர்கள், 'இன்'னையும் 'பை'யையும் இன்னொரு தடவை பாருங்கள். 50-ஐ இரண்டாகப் பிரித்தால் 25. 50-க்குள் எத்தனை அரை இருக்குன்னு எண்ணினால் 100!

– 9-ம் வகுப்பு மாணவி