நான்கு பாட்டு, ஒரு நாள்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய ஒன்பது பதிவுகளையும் கேட்டேன். ஒன்பதும் ஒரே பாட்டு. ஒன்றில் கிட்டாருக்கு ரிவெர்ப் கூடியிருக்கிறது. இன்னொன்றில் குரல் கிணற்றுக்குள் இறங்கியிருக்கிறது. ஏழாவதில் எங்கிருந்தோ மழை வந்து சேர்ந்திருக்கிறது. “எதுண்ணே நல்லாயிருக்கு?” என்று கேட்டிருந்தாய். எனக்குப் பிடித்தது அவற்றோடு தெரியாமல் ஒட்டிக்கொண்டு வந்த பத்தாவது பதிவு, ஒத்திகையில் யாரோ போனில் பிடித்தது. பாடுகிறவர் இரண்டாவது வரியில் சுருதி இறங்குகிறார், உன் பேஸ் ஒரு இடத்தில் முந்திக்கொள்கிறது. ஆனால் அதில் மட்டும்தான் நீங்கள் நாலு பேரும் ஒரே அறையில் இருக்கிறீர்கள்.

உனக்கு ஜாய் டிவிஷன், பௌஹவுஸ், சூசி அண்ட் த பான்ஷீஸ் எல்லாம் ஆல்பம் ஆல்பமாக மனப்பாடம். அவர்கள் வானொலிக்காகப் பதிந்தவற்றையும் ஒருமுறை உட்கார்ந்து கேள். இந்தக் கடிதம் அதற்காகத்தான்.

லண்டனில் டெலவேர் சாலையில் மைடா வேல் என்று ஒரு நீளமான கட்டடம். 1909இல் ரோலர் ஸ்கேட்டிங் மண்டபமாகக் கட்டியது, 1934இல் பிபிசியின் ஒலிப்பதிவுக்கூடமாக மாறியது. அந்தக் காலத்தில் பிபிசி இசைத்தட்டுகளை இஷ்டத்துக்கு ஓடவிட முடியாது. இசைக்கலைஞர் சங்கத்தோடும் தட்டு கம்பெனிகளோடும் போட்ட ஒப்பந்தப்படி இத்தனை மணிநேரம்தான் தட்டு. அதற்கு ‘நீடில் டைம்’ என்று பெயர். மிச்ச நேரத்துக்கு ஆள் வந்து வாசிக்க வேண்டும். வாசிப்பவர்களின் பிழைப்பைக் காக்க வந்த விதி, கம்பெனி வாசலையே மிதிக்காத பையன்களுக்கு ஒரு நல்ல ஸ்டூடியோவைத் திறந்துவிட்டது.

பிபிசியின் ரேடியோ 1இல் தொகுப்பாளர் ஜான் பீலின் இரவு நிகழ்ச்சிக்காக ஒரு குழுவை ஒலிப்பதிவு அமர்வுக்குக் கூப்பிட்டால் அன்றைய வழக்கம் இதுதான். பகலில் சாமான் வந்து இறங்கும். மைக் வைத்து, சத்தம் பார்த்து, சேர்ந்து வாசித்து, குரலோ கூடுதல் கிட்டாரோ மேலே ஏற்றி, மிக்ஸும் முடித்து இரவுக்குள் கிளம்பிவிட வேண்டும். பெரும்பாலும் நாலு பாட்டு. பீல் அந்தப் பக்கமே அதிகம் வரமாட்டார். மேசையில் உட்கார்ந்திருப்பது பிபிசியின் தயாரிப்பாளரும் பொறியாளரும். எண்பதுகளில் அப்படிப் பல நாள் உட்கார்ந்த டேல் கிரிஃபின், மாட் த ஹூப்பிள் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். கல்யாணச் சமையல் மாதிரி வேலை. முகூர்த்தம் குறித்தாகிவிட்டது, “நாளைக்கு இன்னொரு தரம் வைத்துப் பார்க்கிறேன்” என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

இப்போது ‘இன்சைட்’ பாட்டை எடுத்துக்கொள். ஜாய் டிவிஷன் 1979 ஜனவரி 31 அன்று தங்கள் முதல் பீல் அமர்வில் இதைப் பதிந்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் ஸ்டாக்போர்ட்டின் ஸ்ட்ராபெரி ஸ்டூடியோவில், ‘அன்நோன் ப்ளெஷர்ஸ்’ ஆல்பத்துக்காகத் தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானட் அதையே மறுபடி பதிந்தார். ஆல்பத்தில் முதலில் ஸ்டூடியோவின் பழைய லிஃப்ட் ஒலிக்கும். குரல் எட்டத்திலிருந்து வரவேண்டும் என்பதற்காகப் பாடகர் இயன் கர்டிஸைத் தொலைபேசிக் கம்பி வழியாகப் பாடவைத்தார் ஹானட். டிரம்ஸை ஒரே வீச்சில் வாசிக்க விடாமல் துண்டு துண்டாகப் பிரித்துப் பதிவது அவர் முறை. வானொலிப் பதிவில் லிஃப்ட் இல்லை, தொலைபேசி இல்லை. நாலு பேர் வாசிக்கிறார்கள். அதே பாட்டுதான்; ஒன்றில் பாழடைந்த மாடிக்கட்டடத்தின் இருட்டு, மற்றதில் உடம்பின் சூடு.

உடனே ‘வானொலிதான் அசல், ஆல்பம் போலி’ என்று முடிவுகட்டி விடாதே. ரசிகர்களில் பாதிப் பேர் விழும் குழி அது. ஆல்பம் வந்தபோது குழுவில் பேஸ் வாசித்த பீட்டர் ஹூக்குக்கும் கிட்டார் வாசித்த பெர்னார்ட் சம்னருக்கும் கூட அது பிடிக்கவில்லை. மேடையில் இருந்த முரட்டுத்தனம் போய்விட்டது என்று வருத்தம். ஆனால் இன்று உலகம் அந்தக் குழுவை ஹானட் உண்டாக்கிய தூரத்தின் வழியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறது. நான் சொல்ல வருவது வேறு. பக்கத்தில் நின்றாலும் தாக்குப்பிடிக்கிற பாட்டு என்பதால்தான், ஹானட் அதைத் தூரத்துக்குக் கொண்டுபோக முடிந்தது. உன் ஒன்பது பதிவுகளிலும் தூரம் இருக்கிறது, எதிலிருந்து தூரம் என்பது தெரியவில்லை.

கோத் இசைப் பக்கம் சாய்ந்தவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். புகை, எதிரொலி, கறுப்புச் சட்டை என்று மறைவதற்கு நிறைய இடம் உண்டு. நார்த்தாம்ப்டன்காரர்களான பௌஹவுஸ் 1980 தொடக்கத்தில் பீலுக்காக ‘டபுள் டேர்’ வாசித்தார்கள். அதே ஆண்டு முதல் ஆல்பம் போடும்போது அந்த வேகத்தை ஸ்டூடியோவில் மறுபடி பிடிக்க முடியவில்லை. கடைசியில் பிபிசியிடம் அனுமதி வாங்கி, வானொலிப் பதிவையே ஆல்பத்தின் முதல் பாட்டாக வைத்தார்கள். இருட்டு ரிவெர்ப்பில் இல்லை, நாலு பேர் ஒருவரையொருவர் விடாமல் பிடித்துக்கொள்வதில் இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

நீ பேஸ் வாசிப்பவன் என்பதால் இன்னொன்று. ஹூக் ஏன் எப்போதும் மேல் ஸ்தாயியில் வாசிக்கிறார் தெரியுமா? சம்னரின் கிட்டார் சத்தத்தில் தன் பேஸ் தனக்கே கேட்கவில்லை, அதனால் மேலே ஏறினேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஒரு தலைமுறையே பின்பற்றிய பாணி, ஒரே அறையில் இடம் போதாமல் பிறந்தது. லேப்டாப்பில் ஒவ்வொருவரும் தனித்தனியாக ஹெட்போன் மாட்டிப் பதிந்தால் யாரும் யாரையும் இடிப்பதில்லை. இடிக்காத இடத்தில் ஒதுங்கவும் ஏறவும் கற்க முடியாது.

அமர்வுப் பதிவுகளின் இன்னொரு வசீகரம் காலம். 1977 நவம்பரில் மைடா வேலுக்கு வந்த பான்ஷீஸுக்கு எந்தக் கம்பெனியும் இல்லை. அடுத்த பிப்ரவரியில் வந்து ‘ஹாங்காங் கார்டன்’ வாசித்தார்கள். அது தட்டாக வந்தது ஆகஸ்டில். பெண்கள் குழுவான ஸ்லிட்ஸ் 1977இல் பதிந்த முதல் அமர்வுக்கும் அவர்களின் முதல் ஆல்பத்துக்கும் நடுவில் இரண்டு வருடம். அதற்குள் டிரம்ஸ் வாசித்த பெண்ணே குழுவில் இல்லை. ஜாய் டிவிஷனின் இரண்டாவது அமர்வு 1979 நவம்பர் 26. ‘லவ் வில் டேர் அஸ் அபார்ட்’ அன்றைக்கு நாலு பாட்டில் ஒன்று, அவ்வளவுதான். அடுத்த மே 18இல் கர்டிஸ் இறந்தார், ஜூனில் அது சிங்கிளாக வந்தது. அதன்பின் அந்தப் பாட்டைச் சாவின் நிழல் இல்லாமல் யாராலும் கேட்க முடியவில்லை. நவம்பர் பதிவில் அந்த நிழல் இன்னும் விழவில்லை. தன் தலையெழுத்து தெரியாமல் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது.

இனி வேலைக்கு வருவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறி. நாலு பாட்டு தேர்ந்தெடு: மூன்று நன்றாகத் தெரிந்தது, ஒன்று இன்னும் முடியாதது. அதற்கு முன் ஒரு மாதம் விடாமல் ஒத்திகை பாருங்கள். அந்தக் குழுக்கள் ஒரே நாளில் முடித்ததைப் பார்த்து அவர்கள் தயாரில்லாமல் போனார்கள் என்று நினைக்காதே; வாரக்கணக்கில் மேடையில் வாசித்துத் தேய்த்த பாட்டுகளோடு போனார்கள். மிக்ஸ் செய்ய உங்கள் குழுவில் இல்லாத ஒருவரை உட்காரவை. உன் பேஸ் சின்னதாகக் கேட்கிறது என்று நீ எழுந்து போய்க் குமிழைத் திருகாமல் இருக்க அது உதவும். ஒரு பாட்டுக்கு மூன்று டேக்குக்கு மேல் வேண்டாம். காதைக் குத்துகிற தப்பை மட்டும் திருத்து, கூச்சப்படவைக்கிற தப்பை விட்டுவிடு. ராத்திரி பத்து மணிக்குக் கடையைக் கட்டு.

பிறகு ஒரு மாதம் அதைத் திறக்காதே. திறந்து கேட்கும்போது ஒரு பாட்டு நிற்கும், ஒன்று நொண்டும், ஒன்றைத் தூக்கிப்போடத் தோன்றும். நிற்கிற பாட்டுக்கு நீ ஆசைப்பட்ட மழையைக் கொண்டுவா, லிஃப்டைக் கொண்டுவா, குரலைக் கிணற்றுக்குள் இறக்கு. அப்போது அது அலங்காரம். இப்போது நீ செய்துகொண்டிருப்பது வைத்தியம்.

பதினோராவது பதிவு எனக்கு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை எந்தத் தேதி என்று மட்டும் எழுது.

அன்புடன்,
அண்ணன்

பி.கு.: அந்தப் போன் பதிவை அழித்துவிடாதே. முடிந்ததும் யாரோ சிரிக்கிறார்களே, அது யார்?