நம்ம பொண்ணு கதை எழுதுதா?
(பிள்ளைகளுக்காக எழுதியவர்களிடம் கற்கும் பாடங்கள்)



சேமிப்பு, கடன், கறவை மாடு, தையல் என்று பல பாடங்களை இந்தப் பக்கத்தில் பார்த்திருக்கிறோம். இந்த முறை கொஞ்சம் வேறு விஷயம். நம் உறுப்பினர் வீடுகளில் பத்தாவது, பன்னிரண்டாவது, கல்லூரி என்று படிக்கும் பெண்கள் சிலர் நோட்டில் கதை எழுதுகிறார்கள். நாவலே தொடங்கியவர்களும் உண்டு. "எழுதி என்ன ஆகப்போகுது, போய் பாத்திரத்தைக் கழுவு" என்று சொல்லும் அம்மாவும் இருக்கிறார். "கடன் வாங்கியாவது புத்தகம் போட்டுரலாம்" என்று சொல்லும் அம்மாவும் இருக்கிறார். இரண்டுமே அவசரம். ஒரு கதை எப்படி வளர்ந்து புத்தகமாகிறது என்று தெரிந்துகொண்டால் நிதானம் வரும்.

இதற்கு நல்ல வாத்தியார் யார் என்றால், பிள்ளைகளுக்காக எழுதியவர்கள்தான். பிடிக்காத கதையைப் பெரியவர்கள் மரியாதைக்காவது கேட்பார்கள். குழந்தை எழுந்து ஓடிவிடும். அப்படிப்பட்ட குழந்தையை உட்கார வைத்தவர்களிடம் நம்ம பொண்ணு கற்க நிறைய இருக்கிறது. இந்தப் பாடத்தை அவளுக்கும் படித்துக் காட்டுங்கள்.

பாடம் 1: முதலில் சொல்லிப் பார்

சுவீடன் நாட்டில் ஒரு விவசாயக் குடும்பத்தில் 1907-ல் பிறந்தவர் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென். 1941-ல் அவருடைய மகள் காரின் நிமோனியா வந்து படுத்திருந்தாள். கதை சொல்லச் சொல்லி அம்மாவை நச்சரித்தாள். 'பிப்பி' என்று கதாநாயகிக்குப் பெயர் வைத்ததே காரின்தான். குதிரையையே தூக்கும் பலம் உள்ள, பெரியவர் யாருக்கும் பயப்படாத ஒன்பது வயதுப் பெண் பிப்பி. அம்மா அந்தக் கதையை ஒரு நாளோடு விடவில்லை, சில வருடம் சொல்லிக்கொண்டே இருந்தார். 1944-ல் பனியில் வழுக்கிக் கால் சுளுக்கிப் படுத்தபோதுதான் எழுத உட்கார்ந்தார். எந்த இடத்தில் பிள்ளை சிரிக்கும் என்பது எழுதும் முன்பே அவருக்குத் தெரியும்.

நம்ம பொண்ணும் எழுதியதைத் தம்பிக்கோ பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கோ வாய்விட்டுப் படித்துக் காட்டட்டும். அவர்கள் எங்கே நெளிகிறார்களோ, அந்த இடத்தில் கோடு போட்டு வைக்கட்டும். திருத்த வேண்டியது அந்த இடம்தான்.

பாடம் 2: தெரிந்ததை எழுது, திருத்தி எழுது

அமெரிக்காவில் இ.பி. ஒயிட் என்பவர் பண்ணை வைத்துப் பன்றி, கோழி எல்லாம் வளர்த்தார். அறுக்கப்போகும் பன்றியை ஒரு சிலந்தி காப்பாற்றும் கதையை அவர் எழுதினார். அது 1952-ல் வெளிவந்தது. அதற்காகச் சிலந்திகளை உற்றுப் பார்த்தார், அவற்றைப் பற்றிப் புத்தகங்களும் படித்தார். ஒரு முறை எழுதி முடித்த பிறகும் உடனே அனுப்பவில்லை. கொஞ்ச காலம் எடுத்து வைத்துவிட்டு மறுபடி எழுதினார். ஒரு சிறுமியோடு தொடங்கும் முதல் பகுதியை அப்புறம்தான் எழுதிச் சேர்த்தார்.

நம்ம பொண்ணுக்கு ஆடு குட்டி போடுவது தெரியும், நாற்று நடுவது தெரியும், தண்ணீர்க் குழாயடிச் சண்டை தெரியும். பார்க்காத ஊரை எழுதுவதைவிட இவற்றை எழுதினால் கதை நிற்கும்.

பாடம் 3: கஷ்டமான விஷயத்தையும் சொல்லலாம்

யெஸ். பாலபாரதி எழுதிய 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' என்ற சிறுவர் நாவலுக்கு 2020-ம் ஆண்டின் பால சாகித்ய புரஸ்கார் விருது கிடைத்தது. தவறான எண்ணத்தோடு தொடுபவர்களிடமிருந்து பிள்ளை தன்னைக் காத்துக்கொள்வதைப் பற்றிய கதை. வீட்டில் வாய் திறந்து பேசத் தயங்கும் விஷயத்தை, ஒரு மரப்பாச்சி பொம்மையை வைத்துச் சொல்லிவிட்டார். உங்கள் மகள் எழுதிய கதையில் வீட்டுச் சண்டையோ, குடியோ, பயமோ வந்தால் "மானத்தை வாங்குறியா" என்று நோட்டைப் பிடுங்காதீர்கள். முதலில் படியுங்கள். உங்களிடம் சொல்ல முடியாததை அங்கே எழுதியிருக்கலாம்.

பாடம் 4: திரும்பி வந்தால் கதை முடிந்துவிடாது

பிப்பி கதையை முதலில் ஒரு பெரிய பதிப்பகம் வேண்டாம் என்றது. லிண்ட்கிரென் அதைத் திருத்தி வேறொரு பதிப்பகத்தின் போட்டிக்கு அனுப்பினார். 1945-ல் முதல் பரிசு கிடைத்தது. இன்று அது எழுபதுக்கும் அதிகமான மொழிகளில் இருக்கிறது.

நம்ம ஊர்க் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா வங்கி வேலை பார்த்துக்கொண்டேதான் எழுதினார். 1950-ல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தையும் தொடங்கினார். எழுத்துக்காகப் படிப்பையோ வேலையையோ விட வேண்டியதில்லை.

பணம் கேட்டால் உஷார்!

"உங்க பொண்ணு கதை பிரமாதம், பணம் கட்டுங்க, புத்தகம் போட்டுத் தர்றோம்" என்று சிலர் வருவார்கள். முறையான பதிப்பகம் தன் செலவில் அச்சிட்டு, விற்கும் பிரதிகளுக்கு ஏற்ப ராயல்டி என்று எழுதியவருக்குப் பங்கு கொடுக்கும். பணம் வாங்கி அச்சடிப்பவர்கள் பலர் கட்டைத் திண்ணையில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். விற்பது நம்ம பாடு.

இங்கிலாந்தின் பீட்ரிக்ஸ் பாட்டரும் பல பதிப்பகங்கள் மறுத்த பிறகு, 1901-ல் தன் முயல் கதையைச் சொந்தப் பணத்தில் அச்சடித்தார். ஆனால் முதலில் போட்டது 250 பிரதிகள்தான். அடுத்த ஆண்டே ஒரு பதிப்பகம் அதை ஏற்று வெளியிட்டது. கையில் இருப்பதில் அளவாகச் செய்வது வேறு, குழுவில் உள்கடன் வாங்கிச் செய்வது வேறு. கறவை மாடு பால் கறந்து தவணை கட்டும். அச்சடித்த கட்டு தவணை கட்டாது.

இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவருக்கே உரிமை. பதிவு செய்தால்தான் உரிமை என்பது இல்லை. 18 வயது ஆகாத பெண் தானே ஒப்பந்தம் போட முடியாது, அதனால் உங்களிடம்தான் கையெழுத்துக் கேட்பார்கள். முழு உரிமையையும் விட்டுக்கொடுப்பதாக எழுதியிருக்கிறதா என்று படிக்கத் தெரிந்தவரை வைத்துப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அம்மா செய்ய வேண்டியது

• தினமும் ஒரு மணி நேரம் அவளுக்கு விடுங்கள். அந்த நேரத்து வீட்டு வேலையை மகனும் செய்யட்டும்.
• ஊர்ப்புற நூலகத்தில் உறுப்பினராகச் சேர்த்துவிடுங்கள். எழுதுவதைவிட அதிகம் படிக்கட்டும்.
• பத்திரிகைக்கு அனுப்பும்போது ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும்.
• வாரம் ஒரு முறை அவளைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதற்கு எழுத்தறிவு தேவையில்லை.

குழுக் கூட்டத்தில் கலந்து பேச:

1. நம் குழு வீடுகளில் கதை, கவிதை எழுதும் பிள்ளைகள் யார் யார்?
2. மாதக் கூட்டம் முடிந்ததும் பத்து நிமிடம் ஒதுக்கி, ஒரு பிள்ளையின் கதையைக் கேட்கலாமா?
3. புத்தகம் போடக் கடன் கேட்டு ஒரு உறுப்பினர் வந்தால் ஊக்குநரும் பிரதிநிதியும் அவரிடம் என்னென்ன கேட்க வேண்டும்?

பேசி முடிவு செய்ததைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள்.