கிட்ஹப்பில் எடுத்த நிரலா? கவனியுங்கள்!

1. முதலில் லைசென்ஸ் கோப்பைப் படியுங்கள். அது இல்லையென்றால் நிரலைத் தொடாதீர்கள். பார்க்கக் கிடைத்தாலும் முழு உரிமையும் எழுதியவருக்கே.

2. எம்ஐடி உரிமமா? பதிப்புரிமை அறிவிப்பையும் உரிம வாசகத்தையும் நீக்காதீர்கள். அது கேட்பதே அவ்வளவுதான்.

3. ஜிபிஎல் என்றால், செயலியை வெளியே கொடுக்கும்போது மூல நிரலையும் கொடுங்கள். அலுவலகத்துக்குள்ளேயே பயன்படுத்தினால் இந்தக் கடமை இல்லை. ஏஜிபிஎல்லில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும்: நீங்கள் மாற்றிய நிரலைப் பிறர் இணையம் வழியே பயன்படுத்தினாலே மூல நிரல் தர வேண்டும்.

4. பெயரையும் லோகோவையும் எடுக்காதீர்கள். நிரலுக்குத் தந்த அனுமதி வணிகக் குறிக்குச் செல்லாது. டெபியன் லினக்ஸ்கூட 2006இல் ஃபயர்ஃபாக்ஸுக்கு 'ஐஸ்வீசல்' என்று வேறு பெயர் வைக்க வேண்டிவந்தது.

5. பேட்டன்ட் பயம் இருந்தால் அப்பாச்சி 2.0 உரிமமுள்ளதைத் தேர்ந்தெடுங்கள். பங்களித்தவர்களின் பேட்டன்ட் அனுமதி அதில் எழுத்திலேயே உண்டு.