அழையாமல் வரும் விண்ணப்பங்கள்

கேள்வி: அமெரிக்காவில் கல்விக்கு நிதி தரும் அறக்கட்டளைகள், தாங்கள் அழைக்காமலே வரும் கோரிக்கைகளை என்ன செய்கின்றன?

பதில்: பல தனியார் அறக்கட்டளைகள் அவற்றை ஏற்பதே இல்லை. அதை மறைப்பதும் இல்லை. ஆண்டுதோறும் வரித்துறைக்குத் தரும் 990-பிஎஃப் படிவத்தில் இதற்கென்றே ஒரு கட்டம் உண்டு. முன்பே தேர்ந்தெடுத்த அமைப்புகளுக்கு மட்டுமே கொடுப்பவர்கள் அதில் குறியிடுவார்கள். படிவம் எவரும் பார்க்கக்கூடிய பொது ஆவணம். ஆனால் விண்ணப்பிப்பவர்களில் அதைப் புரட்டிப் பார்ப்பவர்கள் குறைவு என்றே தோன்றுகிறது.

கேட்ஸ் அறக்கட்டளை போன்ற பெரியவை பொதுவாகத் தங்கள் இலக்கைத் தாங்களே வகுத்துக்கொண்டு, பொருத்தமான அமைப்புகளைத் தேடி அழைக்கின்றன. குவியும் தாள்களைப் படிக்கும் வேலை குறையும். ஆனால் அறிமுகமோ செல்வாக்கோ இல்லாத சிறு அமைப்பு, எவ்வளவு நன்றாக உழைத்தாலும், வாசலிலேயே நின்றுவிடும். இந்த முறையின் பெருங்குறை இதுதான்.

லைல் ஸ்பென்சர் 1962இல் நிறுவிய சிகாகோவின் ஸ்பென்சர் அறக்கட்டளையின் வழி வேறு. கல்வி ஆய்வுக்கு நிதி தரும் இதில், ஆய்வாளரே தலைப்பைத் தேர்ந்து விண்ணப்பிக்கலாம். 50,000 டாலர் வரையிலான சிறு நிதிக்கு முழு விண்ணப்பத்தை நேரடியாக அனுப்பலாம். பெரிய தொகை கேட்பவர்கள் முதலில் விருப்பத்தைத் தெரிவிக்க வேண்டும். துறை அறிஞர்கள் படித்து மதிப்பிடுகிறார்கள்.

இரண்டுக்கும் நடுவில், ஓரிரு பக்க விசாரணைக் கடிதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, பிடித்தால் முழு விண்ணப்பம் கேட்கும் அறக்கட்டளைகளும் உள்ளன. எனவே விண்ணப்பத்தை எழுதத் தொடங்கும் முன் அந்த அறக்கட்டளையின் விதிகளையும் சென்ற ஆண்டுப் படிவத்தையும் படித்துவிடுங்கள்.